ஓடிய ரம்பம், நிற்காத செயின்: கஜா புயலுக்குப் பின் ஒரு தென்னந்தோப்பில்

பின்னணி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்புகளில் கால் வைக்க இடமில்லை. மரத்தின் மேல் மரம் கிடந்தது. மின்கம்பங்களும் விழுந்துவிட்டதால் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வழியைத் திறக்கவும், கூரைமேல் விழுந்த மரத்தை எடுக்கவும், தோப்பைச் சுத்தம் செய்யவும் பெட்ரோலில் ஓடும் செயின் ரம்பம்தான் ஒரே வழி.

அப்படி ஒரு நேரத்தில் ரம்பம் எங்கிருந்தெல்லாமோ வந்தது. வெளி மாவட்டங்களிலிருந்து வண்டியில் வந்தவை, வாடகைக் கடையில் இருந்தவை, ஆண்டுக்கணக்கில் பரணில் தூங்கியவை என எல்லாமே வேலைக்கு இறங்கின. அவற்றைப் பிடித்தவர்களில் முதல்முறை பிடித்தவர்களும் உண்டு.

இந்தக் குறிப்பில் வருவது நான்கு பேர் கொண்ட ஒரு குழு. மூவருக்கு மரம் அறுத்துப் பழக்கம். நான்காவதாக நான், இயந்திரப் பராமரிப்பு என் தொழில். எங்களிடம் இரண்டு ரம்பங்கள் இருந்தன. ஒன்று குழுத் தலைவரின் சொந்த மெஷின். மற்றொன்று பக்கத்து ஊர்க் கடையில் முதல் நாள் மாலை, இருட்டும் நேரத்தில், வாடகைக்கு எடுத்தது. தோப்புக்காரர் எழுபதை நெருங்கியவர். அவருடைய மாட்டுக் கொட்டகைமேல் ஒரு தென்னை சாய்ந்து கிடந்தது. வீட்டுக்கு வரும் பாதையில் வேறு மரங்கள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்திருந்தன.

வேலை தொடங்குமுன் பார்த்தவை

காலையில் தார்ப்பாயை விரித்து இரண்டு ரம்பங்களையும் அதன்மேல் வைத்தோம். எஞ்சின் குளிர்ந்திருந்தது. ஸ்பார்க் பிளக்கின் வயரை இழுத்துக் கழற்றிய பிறகுதான் செயினில் கை வைத்தோம். கையுறை இல்லாமல் யாரும் செயினைத் தொடவில்லை.

சொந்த மெஷினில் இருந்த குறைகள் சிறியவை. செயின் தளர்ந்து, பாரின் (செயின் ஓடும் நீளத் தகட்டை இப்படித்தான் சொல்வார்கள்) அடிப்புறத்தில் தொங்கியது. பாரில் ஆயில் வரும் துளையை மரத்தூள் அடைத்திருந்தது. ஓடவிட்டுப் பார்த்தபோது, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் விட்டாலும் செயின் மெல்ல நகர்ந்தது. மூன்றையும் அங்கேயே சரிசெய்ய முடிந்தது. பாரின் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி செயினை இறுக்கி, அடிப்புறத்தில் ஒட்டி நிற்கும்படியும் கையால் இழுத்தால் தடையின்றி ஓடும்படியும் வைத்தோம். துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தோம். ஐடில் வேகத்தை (ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் மெதுவாக ஓடும் வேகம்) அமைக்கும் திருகைச் சற்றுக் குறைத்ததும் செயின் நின்றது. ஆயில் வருகிறதா என்று அறிய, பழைய சிமெண்ட் சாக்கின் வெளிர் பக்கத்தை நோக்கி நுனியைக் காட்டி எஞ்சினை வேகப்படுத்தினோம். சில நொடிகளில் சாக்கின்மேல் ஆயில் கோடு விழுந்தது.

வாடகை ரம்பம் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. கடைக்காரர் முதல் நாள் சொன்னதும் அதைத்தான்: “ஒரே இழுப்பு, தம்பி.” வாங்கிய மூவரும் அந்தச் சத்தத்திலேயே திருப்தியடைந்திருந்தார்கள். ரம்பம் வாடகைக்கு எடுப்பவர்கள் எங்கும் செய்வது இதுதான். ஸ்டார்ட் ஆகிறதா, செயின் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள், பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஆளைக் காப்பாற்றும் பாகங்கள் வேலை செய்கின்றனவா என்பது அந்தச் சோதனையில் வருவதே இல்லை.

பின்கைப்பிடியில் ஒரு சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தது. பிடி வழுக்காமல் இருக்கச் சுற்றியிருப்பார்கள் என்றுதான் தோன்றியது. அவிழ்த்தபோது, கைப்பிடியின் மேல்பக்கம் இருக்கும் பாதுகாப்பு விசையை அது அழுத்திப் பிடித்திருந்தது தெரிந்தது. உள்ளங்கை அந்த விசையை அழுத்தினால்தான் ஆக்ஸிலரேட்டர் நகரும். கை பிடியை விட்டால் எஞ்சின் ஐடிலுக்குத் திரும்பிவிடும். அதற்காகவே வைத்த விசை அது. யாரோ ஒருவருக்குக் கை வலித்திருக்கிறது, டியூப்பைக் கட்டிவிட்டார். கட்டிய இடத்தில் ரப்பர் வெளுத்து வெடித்திருந்தது. அது இன்று நேற்றுக் கட்டியது அல்ல.

அடுத்து செயின். வெட்டும் பற்கள் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாறி மாறி வரும். இடப்பக்கப் பற்கள் அரத்தில் அதிகம் தேய்ந்து குட்டையாகியிருந்தன. அதைவிடக் கவலை தந்தது பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு மேடு. ஒரு பல் மரத்தில் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அந்த மேடுதான் தீர்மானிக்கிறது. பெரும்பாலான செயின்களில் பல்லின் உச்சிக்கும் மேட்டுக்கும் இடையே 0.65 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்க வேண்டும். இங்கே மேடுகளைக் கண்மூடித்தனமாக ராவித் தட்டையாக்கியிருந்தார்கள். இப்படிச் செய்தால் ரம்பம் வேகமாக அறுப்பதுபோல் தோன்றும். உண்மையில் பல் தேவைக்கு மேல் கடிக்கும், ரம்பம் உதறும், எகிறும் வாய்ப்பும் கூடும்.

செயின் அறுந்தால் அது பிடிப்பவரின் வலக்கையை நோக்கித்தான் சுழன்று வரும். அதைத் தடுத்துப் பிடிக்க, பாரின் அடிப்பகுதிக்கு அருகே ஒரு சிறிய கொக்கிபோன்ற பாகம் உண்டு. இதில் அது ஒடிந்து, திருகு மட்டும் மிஞ்சியிருந்தது.

கடைசியாக பிரேக். முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் கைத்தடுப்பை முன்னால் தள்ளினால் செயின் பிரேக் விழும். தள்ளினோம், ‘டக்’ என்று சத்தம் கேட்டது. சத்தத்தை நம்பி விட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். பிரேக் விழுந்த நிலையில் செயினைக் கையால் இழுத்துப் பார்த்தோம். தாராளமாக ஓடியது. இரண்டு நட்டுகளைக் கழற்றிப் பக்க மூடியைத் திறந்தபோது உள்ளே உலோகமே தெரியவில்லை. தென்னை நாரும் ஆயிலும் தூளும் கலந்து கறுத்த களிம்பாக, எஞ்சினின் சுழற்சியைச் செயினுக்குக் கொடுக்கும் கிளட்ச் டிரம்மையும் அதைச் சுற்றியிருக்கும் பிரேக் பட்டையையும் மூடியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியபோது பாளம் பாளமாக வந்தது. மற்ற மரங்கள் சிம்பும் தூளும் தள்ளும். தென்னை நார் நாராகத் தள்ளும். அந்த நார் ஆயிலோடு சேர்ந்து மூடிக்குள் மெத்தைபோல இறுகிவிடும். தென்னை அறுக்கும் மெஷினின் மூடியை நாள்தோறும் திறந்தே ஆக வேண்டும் என்பது இதனால்தான்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

களிம்பை வழித்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, மூடியைப் போட்டு மறுபடி சோதித்தோம். இப்போது பிரேக் பிடித்தது. கையால் இழுத்தால் செயின் அசையவில்லை. எஞ்சினைத் தரையில் வைத்து ஓடவிட்டு, வேகத்தில் கைத்தடுப்பைத் தள்ளியபோதும் செயின் நின்றது. ஆனால் உடனே நிற்காமல், சற்று இழுத்துக்கொண்டு நின்றது.

பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு இன்னொரு சோதனை. பிரேக்கை விடுவித்து, பின்கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு, ரம்பத்தின் நுனியை ஒரு மரக்கட்டைமேல் விழவிட வேண்டும். நுனி மோதும் அதிர்ச்சியில் பிரேக் தானாகவே விழ வேண்டும். கை படாமலேயே விழுகிறதா என்பதைக் காட்டும் சோதனை இது. சொந்த மெஷினில் ஒவ்வொரு முறையும் விழுந்தது. வாடகை ரம்பத்தில் ஒருமுறை விழுந்தது, பிறகு விழவில்லை, பிறகு மறுபடி விழுந்தது. பட்டையைப் பார்த்தால் ஓரிடத்தில் கையேடு சொல்லும் குறைந்தபட்சத் தடிமனையும் தாண்டித் தேய்ந்திருந்தது.

இங்கேதான் விவாதம் எழுந்தது. முழுக்கப் பழுதான கருவியை ஒதுக்குவதில் யாருக்கும் தயக்கம் வராது. பாதி வேலை செய்யும் கருவிதான் ஆளைக் குழப்பும். குழுவில் இளையவர், “டியூப்பை எடுத்தாயிற்று, பிரேக்கும் பிடிக்கிறது. கொட்டகை மரத்துக்கு நம் மெஷினை வைத்துக்கொள்வோம். தரையில் கிடக்கும் துண்டுகளை இதில் அறுக்கலாமே, அண்ணே” என்றார். தோப்புக்காரரும், “நேற்றுவரை அதில்தானே பக்கத்துத் தோப்பில் அறுத்தார்கள். இரண்டு மெஷின் என்றால்தானே தம்பி இன்றைக்குள் வழி திறக்கும்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மாடுகள் மழையில் நின்றுகொண்டிருந்தன.

வேண்டாம் என்று முடிவு செய்தோம். காரணத்தை இருவருக்கும் விளக்கினோம். பாரின் நுனியின் மேற்பாதி எதன்மீதாவது பட்டால், நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயின் அறுக்க வழியில்லாமல் கடித்துக்கொள்ளும். அந்த விசை மொத்தமும் ரம்பத்தை மேலும் பின்னுமாக, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எறியும். கண்ணிமைப்பதற்குள் நடந்துவிடும், கையை எடுக்கவோ எஞ்சினை அணைக்கவோ அவகாசம் இருக்காது. இளையவர் எளிதான வேலை என்று எண்ணிய, தரையில் குவிந்து கிடக்கும் மரத்தை அறுப்பதில்தான் இது அதிகம் நடக்கும். ஒரு மரத்தை அறுக்கும்போது அதற்குப் பின்னால், மட்டைகளுக்கு அடியில் மறைந்திருக்கும் இன்னொரு மரத்தில் நுனி போய்ப் படும். அப்படிப் பட்ட நேரத்தில் பிரேக் விழுமா விழாதா என்று தெரியாத மெஷினை ஒருவர் கையில் கொடுக்க முடியாது. செயினின் மேடுகள் தேய்ந்திருந்ததும், செயினைப் பிடிக்கும் கொக்கி இல்லாததும் அதோடு சேர்ந்துகொண்டன. ஒரு குறை மட்டும் இருந்திருந்தால் பேசிப் பார்த்திருக்கலாம். ஒன்றன் ஆபத்தை மற்றொன்று கூட்டும்போது பேச இடமில்லை.

ஒதுக்கி வைத்தால் மட்டும் போதாது, அவசரத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள். பாரையும் செயினையும் கழற்றித் தனியே சாக்கில் கட்டினோம். டாங்கில் இருந்த பெட்ரோலையும் வடித்தோம். அதில் எவ்வளவு டூ டி ஆயில் (எஞ்சின் தேயாமல் இருக்கப் பெட்ரோலில் கலக்கும் எண்ணெய்) கலந்திருந்தது என்பது கடைக்காரருக்கே தெரியவில்லை. கேட்டதற்குக் கண்ணளவு என்றார். தயாரிப்பாளர் சொல்லும் ஆயிலாக இருந்தால் பெரும்பாலும் லிட்டருக்கு 20 மில்லி, சாதாரண ஆயிலானால் 40 மில்லி என்று கையேட்டில் கணக்கு இருக்கும். எங்கள் கேனில் அளந்தே கலந்தோம்.

ஆட்களையும் சரிபார்த்தோம். லுங்கியும் தோளில் துண்டும் வேண்டாம் என்றதற்கு முணுமுணுப்பு எழுந்தது. தொங்கும் துணி எதையும் செயின் இழுத்துக்கொள்ளும் என்பதால் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. வலைமுகமூடியுடன் கூடிய ஹெல்மெட், காது மூடி, மூடிய காலணி ஆகியவை ரம்பம் பிடிப்பவருக்குக் கட்டாயம். செயின் பட்டால் நார்கள் பிரிந்து அதை அடைத்து நிறுத்தும், தொடைவரை மூடும் காலுறை எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. ரம்பம் யார் கைக்குப் போனாலும் காலுறையும் கூடவே போனது. தோப்புக்குள் கிடந்த மின்கம்பிகளை, ஊரில் கரண்ட் இல்லை என்ற நம்பிக்கையில் தொடவில்லை. யாராவது வீட்டில் ஜெனரேட்டர் ஓட்டினால் கம்பியில் மின்சாரம் திரும்பி வரக்கூடும். மின்வாரிய ஊழியர் வந்து பார்த்துச் சொல்லும்வரை அந்தப் பக்கத்து மரங்களை விட்டுவிட்டோம்.

தொடர்ந்து நடந்தவை

ஒரே ரம்பத்தோடு வேலை தொடங்கியது. பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப் போய், பிரேக்கைப் போட்டு, மெஷினைத் தரையில் வைத்து, பின்பிடியைக் காலால் அழுத்திக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்தார்கள். கொட்டகை மரம் முதலில் இறங்கியது. பாதை அன்று முழுதும் திறக்கவில்லை. மாடுகளை வேறு வழியாகக் கொண்டுபோய்க் கட்டினார்கள். தோப்புக்காரர் எங்களோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. ரம்பம் இல்லாத இருவர் அரிவாளால் மட்டைகளைக் கழித்து ஒதுக்கிக்கொண்டே வந்தார்கள். அறுப்பவருக்கு மரம் முழுதாகக் கண்ணில் பட்டதால் வேலை எதிர்பார்த்ததைவிட வேகமாகவே நடந்தது.

அது கடற்கரையை ஒட்டிய மணல் நிலம். விழுந்த மரங்களின் பட்டையெல்லாம் மணல். தென்னையின் வெளிப்பகுதி ஏற்கெனவே கடினமானது. மணலும் சேர்ந்தால் செயின் விரைவில் மழுங்கிவிடும். ரம்பத்திலிருந்து சிம்பு வராமல் மாவுபோலத் தூள் வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். மழுங்கிய செயினை அழுத்தி அறுப்பவரின் கைகள் தளர்ந்துவிடும். தளர்ந்த கை பிடியைச் சரியாகப் பிடிக்காது. பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் செயின் இறுக்கம், பிரேக், பற்கள் மூன்றையும் பார்த்தோம். தேவைப்பட்டால் உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு கொடுத்தோம். வெயிலேற ஏற, ஓடிச் சூடான செயின் நீண்டு தளர்ந்தது, இறுக்கினோம். மாலையில் அதே செயினைத் தளர்த்தி வைத்தோம். இல்லாவிட்டால் குளிர்ந்து சுருங்கும்போது பாரையும் எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கையும் அது இழுத்துப் பிடிக்கும்.

இரண்டு நாள் கழித்துப் பிற்பகலில் அந்தச் சம்பவம் நடந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே கிடந்த இரண்டு மரங்களில் மேலே இருந்ததைக் குழுத் தலைவர் அறுத்துக்கொண்டிருந்தார். மட்டை கழிப்பவர்கள் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. அறுபடும் மரத்துக்கு அப்பால், ஓலைக்குப் பின்னால் ஒரு மூன்றாவது அடிமரம் இருந்தது. பாரின் நுனி அதில் பட்டது. ரம்பம் அவரை நோக்கி எகிறியது. இடது மணிக்கட்டின் பின்புறம் கைத்தடுப்பில் மோதியது, பிரேக் விழுந்தது. ரம்பம் அவர் முகத்தின் உயரத்துக்கு வந்து நின்றபோது செயின் ஓடவில்லை. கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி வளைத்திருந்ததால் ரம்பம் கையைவிட்டுப் போகவுமில்லை. மணிக்கட்டு வீங்கியது. வேறு காயம் இல்லை.

அன்று அதற்கு மேல் அறுக்கவில்லை. மெஷினைத் தார்ப்பாயில் வைத்து மறுபடி முழுதாகச் சோதித்தோம். பிரேக் சரியாக இருந்தது. பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணிகளில் ஒன்று வளைந்திருந்தது. அந்தச் செயினை ஒதுக்கிவிட்டுப் புதியதைப் போட்டோம். தோப்புக்காரர் வந்து குழுத் தலைவரின் கையைப் பிடித்துப் பார்த்தார். சாக்கில் கட்டி வைத்திருந்த பாரையும் பார்த்தார். அன்றிரவு சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வந்தது.

வாடகை ரம்பத்தின் கதை அவ்வளவு நல்லபடியாக முடியவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்தோம். குறைகளை ஒரு தாளில் எழுதி, பிரேக் பட்டையைக் கையில் காட்டி, மாற்றாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். சரி என்றார். பட்டைக்குச் சொல்லியும் வைத்தார். ஆனால் பட்டை வருவதற்குள் வேறொரு குழு வந்து கேட்க, பாரையும் செயினையும் மாட்டிக் கொடுத்துவிட்டார். இரண்டு பேரை அனுப்பி அந்தக் குழுவைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னோம். அவர்கள் ஏற்கெனவே அரை நாள் அறுத்திருந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதற்கு யாருடைய முன்னெச்சரிக்கையும் காரணம் இல்லை. கடைக்காரரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய கூரையும் போயிருந்தது, வாசலில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஆனாலும் ஒரு மனிதனின் கழுத்துக்கு முன்னால் நின்றாக வேண்டிய பட்டை அது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இனி மாற்ற வேண்டியவை

முதலாவது, சோதனை நடக்கும் இடம். வாடகை ரம்பத்தைத் தோப்புக்குக் கொண்டுவந்து சோதித்ததால், குறை தெரிந்தபோது வேலை காத்திருந்தது, ஆட்கள் காத்திருந்தார்கள், மாடுகள் நனைந்தன. அந்த நெருக்கடியில் சரியான முடிவெடுப்பதே பெரும்பாடு. கடை வாசலிலேயே, பகல் வெளிச்சத்தில், பணம் கொடுக்குமுன் மூடியைக் கழற்றிப் பார்த்திருந்தால் இந்த விவாதமே வந்திருக்காது. மூடியைத் திறக்கச் சம்மதிக்காத கடையில் எடுக்கக் கூடாது.

இரண்டாவது, சோதனையின் வரிசை. ஸ்டார்ட் செய்து பார்ப்பதைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். எஞ்சின் ஒரே இழுப்பில் உறுமிவிட்டால் அதன் பிறகு குறை தேடும் மனம் வருவதில்லை. பிளக் வயரைக் கழற்றி, பின்கைப்பிடி விசை, செயின் பற்கள், கொக்கி, பிரேக் பட்டை, நுனியை விழவிடும் சோதனை என்று முடித்துவிட்டு, அதன் பிறகுதான் எஞ்சின். ஓடத் தொடங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது நிறுத்தும் சுவிட்ச் நிறுத்துகிறதா என்பதையே.

மட்டை கழிப்பவர்கள் வராத இடத்தில் ரம்பம் போகக் கூடாது என்பதை முதல் நாளே விதியாகச் சொல்லியிருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் அது பழக்கமாகத்தான் நடந்தது; விதியாக இருந்ததில்லை. மூன்றாம் நாள் பழக்கம் தவறியது. பிரேக் காப்பாற்றியது உண்மை. ஆனால் நுனி எதில் படும் என்பதைப் பார்த்து அறுத்திருந்தால் பிரேக்குக்கு வேலையே வந்திருக்காது.

உதிரிப் பாகங்களையும் கையோடு கொண்டுபோக வேண்டும். பேரிடர் நடந்த ஊரில் கடை திறந்திருக்காது, திறந்தாலும் சரக்கு இருக்காது. மெஷினுக்கு ஏற்ற பிரேக் பட்டை, செயின் கொக்கி, இரண்டு செயின், பிளக், அரம் ஆகியவை ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கும். எங்களிடம் பட்டை இருந்திருந்தால், கொக்கியும் புதுச் செயினும் மாட்டி, அந்த வாடகை ரம்பத்தையே சரிசெய்து ஓட்டியிருக்கலாம்; வழியும் முதல் நாளே திறந்திருக்கும்.

திருப்பிக் கொடுக்கும் முறையும் மாறியிருக்கிறது. பழுதான ரம்பத்தைக் கடையில் வைத்துவிட்டு வருவதோடு இப்போது நாங்கள் நிறுத்திக்கொள்வதில்லை. குறையை எழுதிய அட்டையைக் கைப்பிடியில் கம்பியால் கட்டி, தேய்ந்த பாகத்தைக் கடைக்காரர் முன்னிலையிலேயே கழற்றி அவர் கையில் கொடுக்கிறோம். பட்டை கழன்ற மெஷினைச் சரியாக இருப்பதாகச் சொல்லி அவரால் யாருக்கும் கொடுக்க முடியாது. இதற்கு ஒப்புக்கொள்ளாத கடைகளும் உண்டு. அங்கே நாங்கள் மறுபடி போவதில்லை. அந்தப் பக்கம் வேலைக்கு வரும் மற்ற குழுக்களுக்கும் சொல்லிவிடுகிறோம்.